கிடைத்துவிட்ட வராந்தா

அம்பையின் 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை' கதையைப் பற்றிப் பேசத் தொடங்கினால் நாம் எல்லோரும் கடைசிப் பகுதிக்குத்தான் போகிறோம். மாமியார் ஜீஜி நோயில் படுத்திருக்கிறாள். தென்னாட்டிலிருந்து அந்த ராஜஸ்தானியக் குடும்பத்துக்கு வந்த மருமகள் மீனாட்சி அவளிடம் மனம்விட்டுப் பேசுகிறாள். சமையலறையும் நகையும் இல்லாமல் இருந்திருந்தால் நீ யாராக இருந்திருப்பாய் என்ற கேள்வி அங்கே வருகிறது. 1988இல் க்ரியா வெளியிட்ட தொகுப்பின் தலைப்புக் கதை இது. 1992இல் லக்ஷ்மி ஹோம்ஸ்ட்ரோம் வழியாக ஆங்கிலத்துக்கும் போனது. கருத்தரங்குகளில் இந்தக் கடைசிக் காட்சியைப் பற்றி எத்தனையோ கட்டுரைகள் கேட்டுவிட்டேன். நானும் ஒன்று வாசித்திருக்கிறேன்.

இப்போது எனக்கு முக்கியமாகப் படுவது அதற்கு வெகுமுன்னால் வரும் ஒரு சின்ன இடம். மீனாட்சி மாமனார் பப்பாஜியிடம் ஒரு கட்டட வேலை கேட்கிறாள். தொட்டி சிறியது, பாத்திரம் கழுவினால் தண்ணீர் காலில் வழிகிறது, உள்ளே இருட்டு. சமையலறைக்கு வெளியே வராந்தாவை அகலப்படுத்தலாமே என்பதுதான் கோரிக்கை. அந்தச் சமையலறை ஜன்னலுக்கு வெளியே பச்சை மலை தெரியும். பப்பாஜிக்கு இந்தப் பேச்சு பிடிக்கவில்லை. சில நாட்களில் அந்த வராந்தாவில் துணி உலர்த்தக் கொடி கட்டப்படுகிறது. ஈரத்துணிகள் தொங்க, மலை மறைகிறது.

ஆணாதிக்கத்துக்கு இன்னோர் உதாரணம் என்று சொல்லி விமர்சகர்கள் இந்த இடத்தைக் கடந்துவிடுகிறார்கள். நான் அப்படிக் கடக்க விரும்பவில்லை. கதையில் வேறெங்கும் இல்லாத ஒன்று இங்கே இருக்கிறது. ஒரு பெண் தான் வேலை செய்யும் இடத்தை அளந்து பார்த்து, குறை கண்டு, மாற்று வரைபடம் ஒன்றைச் சொல்கிறாள். சமையலறை வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை, இருப்பதில் வெளிச்சம் வேண்டும் என்கிறாள். ஒரு தொழிலாளி கேட்கிற கேள்வி இது. கடைசிக் காட்சியின் பெரிய கேள்வியில் மயங்கி, இந்தச் சின்னக் கேள்வியை இலக்கிய விமர்சனமும் பெண்ணிய விமர்சனமும் சேர்ந்து கோட்டை விட்டுவிட்டன. சமையலறையிலிருந்து வெளியேறு என்று சொல்வது சுலபமாக இருந்தது. நாளைக் காலை ஐந்தரை மணிக்கு அதே சமையலறையில் நிற்கப் போகிறவளுக்கு மேடை எத்தனை அங்குலம் இருக்க வேண்டும் என்று சொல்ல நம்மிடம் ஒன்றும் இருக்கவில்லை. ஆகவே அதைக் கடைக்காரர்கள் சொன்னார்கள்.

நான் இருப்பது ஓசூரில். 1970களில் சிப்காட் வந்தது. 1980களில் அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் என்று ஆலைகள் நிரம்பின. 2004இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது, 2019இல் ஓசூர் மாநகராட்சியானது. அத்திப்பள்ளியில் கால் வைத்தால் கர்நாடகம். தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே சந்தில் பேசப்படும் ஊர். பெங்களூரின் வீட்டு வாடகைக்குப் பயந்து இங்கே குடிவருகிறவர்கள் பெங்களூரின் சமையலறையையும் கூடவே கொண்டுவந்துவிட்டார்கள். எதிரே ஒரு கடை, பக்கத்துத் தெருவில் இரண்டு என்று மாடுலர் கிச்சன் காட்சியறைகள். கண்ணாடிக்குப் பின்னால் செர்ரிச் சிவப்பில் ஓர் அலமாரி, இழுத்தால் சத்தமில்லாமல் வந்து சத்தமில்லாமல் மூடிக்கொள்ளும் டிராயர்.

இந்த ஊர்ப் பப்பாஜிகள் மறுப்பதில்லை. இதைத்தான் அம்பையின் கதை எதிர்பார்க்கவில்லை. கணவர் கடன் போடுகிறார், மகன் முன்பணம் கட்டுகிறார். அம்மாவுக்காக, வீட்டம்மாவுக்காக என்று பெருமையாகச் சொல்கிறார்கள். மீனாட்சி கேட்ட வராந்தா கிடைத்துவிட்டது. அதில் நின்று பார்த்தால் என்ன தெரிகிறது என்பதுதான் என் விஷயம்.

மூன்று வருடம் முன்பு எங்கள் வீட்டுச் சமையலறையை இடித்துக் கட்டினோம். எட்டடிக்கு ஏழடி, ஒரே ஜன்னல், கடப்பாக் கல் மேடை. கதவில்லாத ஷெல்ஃபுகளில் எண்ணெய்ப் பிசுக்கு. எனக்கும் என் மாமியாருக்கும், அதாவது அத்தைக்கும், கேட்க வேண்டியது மூன்றே விஷயம்தான்: வெளிச்சம், இரண்டு பேர் நிற்க இடம், சாமான் வைக்க இடம். அளவெடுக்க வந்த பையன் மரியாதையானவன். மேடை உயரம் 34 அங்குலம் என்று எழுதிக்கொண்டான். ஏன் என்று கேட்டேன். "அதான் மேடம் ஸ்டாண்டர்டு" என்றான்.

அத்தைக்கு உயரம் நான்கு அடி பத்து அங்குலம். தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்தவர். ராகிக் களி இல்லாமல் அவருக்கு நாள் போகாது. களி கிண்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அதற்குக் கை போதாது, தோளும் முதுகும் உடம்பின் எடையும் வேண்டும். கொதிக்கிற தண்ணீரில் மாவைக் கொட்டி வெந்ததும் பானையை இறக்கித் தரையில் வைத்து, அது நகராமல் காலாலோ கோலாலோ அணைத்துக்கொண்டு, மேலிருந்து கீழாகத் துடுப்பை அழுத்திச் சுழற்றுவார்கள். இதை 34 அங்குல மேடையில் யோசித்துப் பாருங்கள். மேடைமேல் ஐந்து அங்குல அடுப்பு, அதன்மேல் பத்து அங்குலப் பாத்திரம். மொத்தம் 49 அங்குலம். பாத்திரத்தின் விளிம்பு அத்தையின் தோளைத் தாண்டிவிடும். "என்னம்மா, நான் எக்கி நின்னு கிண்டணுமா?" என்று கேட்டார். அந்தப் பையனிடம் அதற்குப் பதில் இல்லை. அவன் கையிலிருந்த பட்டியலில் களி என்ற சமையலே இல்லை.

இது சின்ன விஷயமாகத் தெரியலாம். பக்கத்து வீடுகளில் கேட்டுப் பார்த்தபோது, புதுச் சமையலறை வந்த பிறகு களி மாதம் ஒருமுறை ஆகிவிட்டது, அல்லது கொல்லைப்புறத்துக்குப் போய்விட்டது என்றார்கள். தரம் என்ற பெயரில் வருகிற ஓர் அளவு, எந்த உடம்பு வீட்டில் நிற்கலாம், எந்தச் சாப்பாடு வீட்டுக்குள் வேகலாம் என்பதைத் தீர்மானித்துவிடுகிறது. நின்று சமைப்பதே விடுதலை என்று நம் அம்மாக்கள் நினைத்ததில் நியாயம் உண்டு. புகையடுப்பின் முன் குந்தி உட்கார்ந்து முட்டி தேய்ந்தவர்கள் அவர்கள். தரைச் சமையலைப் புனிதமாக்க எனக்கு ஆசையில்லை. நிற்பதற்கான உயரத்தை நிற்பவளிடம் கேட்கவில்லை என்பதுதான் என் குறை. முழங்கை உயரத்துக்கு நான்கைந்து அங்குலம் கீழே மேடை இருக்க வேண்டும் என்பது எளிய கணக்கு. ஒரு டேப் போதும். தையற்காரர்கூட ரவிக்கைக்கு அளவெடுக்கிறார்.

மேடைக் கல்லைப் பற்றி ஒரு வார்த்தை. கிருஷ்ணகிரி மாவட்டம் கிரானைட் குவாரிகளுக்குப் பேர்போனது. இங்கே வெட்டி மெருகேற்றிய கல் வெளிநாட்டுச் சமையலறைகளுக்கும் போகிறது. குவாரியில் கல் உடைத்தவரின் வீட்டில் அடுப்பு எந்த உயரத்தில் இருக்கிறது என்பதை நான் இங்கே எழுதப் போவதில்லை. எல்லோரும் ஊகிக்கக்கூடியதுதான்.

அடுத்தது வெளிச்சம். தேசியக் கட்டட விதித்தொகுப்பு சமையலறைக்குக் குறைந்தது 5 சதுர மீட்டர் பரப்பும் 1.8 மீட்டர் அகலமும் கேட்கிறது. திறந்த வெளியைப் பார்த்து ஒரு சதுர மீட்டருக்குக் குறையாத ஜன்னல் இருக்க வேண்டும் என்கிறது. மற்ற அறைகளில் ஒன்றுக்காவது 9.5 சதுர மீட்டர். வீட்டிலேயே அதிக நேரம் ஆள் இருக்கும் அறைக்குப் பாதி இடம்! போகட்டும். எங்கள் சமையலறை அக்கினி மூலையில், அதாவது தென்கிழக்கில் இருந்தது; அதை நகர்த்தக் கூடாது என்று வாஸ்து சொன்னது. தென்கிழக்கில் மூன்றடிச் சந்து, அதற்கப்பால் பக்கத்து வீட்டு மாடிச் சுவர். மேற்கில் திறந்த வெளி இருந்தது. அங்கே ஹால் வந்தது, ஹாலில் டிவி வந்தது, வெளிச்சம் திரையில் அடிக்கிறது என்று அந்த ஜன்னலுக்குத் திரைச்சீலை வந்தது. வெளிச்சம் இருந்த இடத்தில் அது வேண்டாததாகிவிட்டது.

இருந்த ஒரு ஜன்னலையும் வரைபடம் பாதி தின்றது. சாமான் வைக்க இடம் கேட்டீர்களே மேடம், இந்தப் பக்கம் உயர அலமாரி, மேலே வரிசையாக லாஃப்ட், நடுவில் சிம்னி என்றார்கள். கணினித் திரையில் பார்த்தபோது அழகாக இருந்தது. மாட்டி முடித்த அன்று மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு விளக்குப் போட்டுத்தான் அரிசியில் கல் பார்க்க முடிந்தது. அப்போதுதான் பப்பாஜியின் கொடி நினைவுக்கு வந்தது. கதையில் மலையை மறைத்தவை ஈரத்துணிகள். எங்கள் வீட்டில் மறைத்தது நானே ஆசைப்பட்டுக் கேட்டு, தவணை கட்டி வாங்கிய பிளைவுட்.

அந்த அலமாரிகளில் எதை அடுக்கினோம் என்று ஒருநாள் எல்லாவற்றையும் இறக்கிப் பார்த்தேன். தினமும் எடுப்பவை இரண்டு டிராயரில் அடங்கிவிடும். அஞ்சறைப் பெட்டி, குக்கர், இரண்டு சட்டி, தட்டு, டம்ளர். மீதி அத்தனையும் சீர். அத்தையின் சீர், என் சீர், என் நாத்தனாருக்கு வைத்து அவள் எடுத்துப்போக இடமில்லாமல் விட்டுப்போன சீர். எவர்சில்வர் அண்டா, தவலை, தாம்பாளம், பித்தளைச் செம்பு, ஒருமுறையும் அடுப்பேறாத இட்லிக் கொப்பரை. ஒவ்வொன்றிலும் பேர் வெட்டியிருக்கிறது. தமிழ்நாட்டில் 1989ஆம் வருடத்துச் சட்டத் திருத்தம் மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் மகனுக்குச் சமமான பங்கு என்று சொன்னது. நிலமும் வீடும் பேருக்கு வராத பெண்களுக்குப் பாத்திரத்தில் பேர் வருவது அதற்குப் பிறகும் நிற்கவில்லை. நம் வீடுகளில் இடப் பற்றாக்குறை என்று சொல்லப்படுவது பெரும்பாலும் இதுதான். பங்குக்குப் பதிலாகக் கொடுத்த உலோகத்தை வைத்துக் காப்பாற்ற இடம் போதவில்லை. அதை விற்கவும் மனம் வராது. அவளிடம் இருக்கிற ஒரே எழுத்து ஆதாரம் அது. எத்தனை இழுப்பறை வைத்தாலும் எந்தக் கம்பெனியாலும் தீர்க்க முடியாத பிரச்சினை.

சமையலறையைத் திருத்தினால் பெண்ணுக்கு நேரம் மிச்சமாகும் என்ற நம்பிக்கைக்கு நூறு வயதாகிறது. 1926இல் மார்கரெட் ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற ஆஸ்திரியக் கட்டடக் கலைஞர் ஜெர்மனியின் ஃப்ராங்க்ஃபர்ட் நகரத் தொழிலாளர் குடியிருப்புகளுக்காக வடிவமைத்த சமையலறைதான் இன்றைய மாடுலர் கிச்சனின் பாட்டி. 1.9 மீட்டருக்கு 3.4 மீட்டர். ரயிலின் உணவுப் பெட்டியைப் பார்த்து, ஒவ்வோர் அடியையும் எண்ணி வரைந்தது. தானியத்துக்குக் குழிந்த அலுமினிய இழுப்பறைகள், பூச்சி பிடிக்காதிருக்க மாவுக்கு ஓக் மரப்பெட்டி, உட்கார்ந்து நறுக்க ஜன்னலோரம் ஒரு ஸ்டூல். சுமார் பத்தாயிரம் வீடுகளில் வந்தது. அவர் கம்யூனிஸ்ட், நாஜிகளை எதிர்த்துச் சிறை சென்றவர், தொழிலாளிப் பெண்ணுக்கு நேரம் மிச்சப்படுத்தித் தர வேண்டும் என்று மனப்பூர்வமாக நினைத்தவர். அதை வரைந்த காலத்தில் தனக்குச் சமைத்துப் பழக்கமே இல்லை என்றும் பின்னாளில் ஒத்துக்கொண்டார். 1970களில் பெண்ணியவாதிகள் அந்தச் சமையலறையில் கண்ட குறை எளிமையானது: அதில் ஒருத்திதான் நிற்க முடியும். கூடமாட உதவ இன்னொருவர் வந்தால் முட்டிக்கொள்ள வேண்டும். உழைப்பைக் குறைக்க வரைந்த வரைபடம், அந்த உழைப்பு யாருடையது என்பதைச் சுவரால் எழுதிவிட்டது.

எங்கள் எட்டுக்கு ஏழிலும் அதேதான் நடந்தது. பழைய மேடை ஒரு பக்கம்தான் இருந்தது. தரையில் உட்கார்ந்து காய் நறுக்க, குழந்தை படிக்க, யாராவது வந்து பேச இடமிருந்தது. புது 'யு' வடிவத்துக்குள் நடுவில் நிற்க மூன்றடி. நான் நின்றால் அத்தை வெளியே. கணவர் டம்ளர் எடுக்க வந்தால்கூட நான் வழிவிட வேண்டும். அதனால் அவர் வருவதை நிறுத்திக்கொண்டார். நல்ல காரணம் கிடைத்துவிட்டது.

யூட்டிலிட்டியையும் சொல்ல வேண்டும். புது வீடுகளின் வரைபடத்தில் சமையலறைக்குப் பின்னால் ஓர் ஒடுக்கமான இடம், இரண்டாவது சிங்க், தனிக் கதவு. பாத்திரம் கழுவ வருகிற பெண் வீட்டுக்குள் வராமலே வந்துபோக ஏற்பாடு. இதை யாரும் சாதி என்று சொல்வதில்லை, 'வசதி' என்கிறார்கள். அந்த இடத்துக்கு விளக்கு உண்டா, மழை அடிக்குமா, நின்று கழுவும் உயரமா என்று எந்தக் காட்சியறையிலும் யாரும் கேட்டு நான் பார்க்கவில்லை. நானும் கேட்கவில்லை. மீனாட்சி தன் காலில் வழிந்த தண்ணீரைப் பற்றிப் பேசினாள். எங்கள் வீட்டில் அந்தத் தண்ணீர் இப்போது வேறொருத்தியின் காலில் வழிகிறது.

சமையலறையே இல்லாவிட்டால்? கதையின் கடைசியில் எழும் அந்தக் கனவை ஓசூர் வேறொரு விதத்தில் நிறைவேற்றியிருக்கிறது. மின்னணு ஆலைகளில் வேலைக்கு வந்திருக்கும் ஆயிரக்கணக்கான இளம்பெண்கள் விடுதிகளில் இருக்கிறார்கள். அடுப்பு கிடையாது, மெஸ் உண்டு. அமெரிக்காவில் 1860களின் இறுதியில் மெலுசினா ஃபே பியர்ஸ், பெண்கள் கூட்டாகச் சமையலையும் துணி வெளுப்பையும் நடத்தி வீட்டுக்காரர்களிடம் காசு வாங்க வேண்டும் என்று திட்டம் போட்டார். அந்தக் கூட்டுச் சமையலறைக்கும் இந்த மெஸ்ஸுக்கும் உள்ள வித்தியாசம் யார் நடத்துகிறார்கள் என்பதில் இருக்கிறது. 2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள், விடுதிச் சாப்பாட்டால் நோயுற்று, சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்து மறித்தார்கள். அதே சாலைதான் கிருஷ்ணகிரி வழியாக ஓசூருக்கு வருகிறது. சமையலறை இல்லாதவள் சமையலறையிலிருந்து விடுபட்டவள் அல்ல என்பதை அந்தப் பெண்கள் எந்த விமர்சகரையும்விடத் தெளிவாகச் சொன்னார்கள்.

திருமணமாகிவிட்டால் விடுதியிலிருந்து லைன் வீடு. ஒரே அறை, அதன் மூலையில் ஒரு கல், ஒரு அடுப்பு, ஒரு பிளக் பாயிண்ட். 2011இல் அரசு மிக்ஸியும் கிரைண்டரும் மின்விசிறியும் கொடுத்தபோது மூன்றையும் எங்கே சொருகுவது என்பது இப்படிப்பட்ட வீடுகளில் உண்மையான கேள்வி. அதே வருடம் வந்த பசுமை வீடு திட்டம் 300 சதுர அடியில் சமையலறைக்கென்று தனியிடமும், ஐந்து சூரிய விளக்குகளில் ஒன்றையும் ஒதுக்கியது. கேலி செய்யத் தோன்றும் அளவு சிறியதுதான். ஆனாலும் சமையலறைக்கு ஒரு விளக்கு என்று அரசு ஆவணம் ஒன்று தனியாக எண்ணியதை நான் குறைத்து மதிக்க மாட்டேன்.

இங்கே என் தோழிகள் ஒரு கணக்கை நீட்டுவார்கள். 2019இன் தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் ஒரு நாளைக்குச் செலவிட்டது சராசரியாக 299 நிமிடம், ஆண்கள் 97. 2024இல் அது 289, 88. ஐந்து வருடத்தில் பெண்ணுக்குப் பத்து நிமிடம் குறைந்திருக்கிறது, ஆணுக்கும் ஏறக்குறைய அவ்வளவே குறைந்திருக்கிறது. ஆகவே டிராயரும் சிம்னியும் வீண், வேலையைப் பங்கு போடாமல் அறையை மாற்றி என்ன பயன் என்பார்கள். பாதி சரி. ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் 1983இலேயே எழுதிவிட்டார்: கருவிகள் வந்தபோது ஆண்களும் குழந்தைகளும் செய்துவந்த வேலைகள் மறைந்தன, அம்மாவின் வேலை மறையவில்லை. விறகு வெட்ட ஆண் தேவையில்லை என்றானதும் அவர் வெளியே போய்விட்டார்.

ஆனால் 289 நிமிடமும் அவள் இருட்டில்தான் நிற்க வேண்டுமா? ஆலையில் எட்டு மணி நேரம் நிற்கிற தொழிலாளிக்கு விளக்கும் காற்றும் கேட்கும்போது, முதலில் முதலாளித்துவம் ஒழியட்டும் என்று எந்தச் சங்கமும் சொல்வதில்லை. வீட்டுக்குள் மட்டும் நாம் அப்படிச் சொல்லிக்கொண்டிருந்தோம். இந்த மாநிலத்தில் நடந்த உருப்படியான சமையலறைச் சீர்திருத்தம் எது என்று கேட்டால் நான் காலை உணவுத் திட்டத்தைச் சொல்வேன். 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. பிள்ளைக்கு உப்புமாவும் பொங்கலும் பள்ளியில் கிடைக்கும்போது, முதல் ஷிப்டுக்கு ஓடுகிற அம்மாவின் காலைச் சமையலில் ஒரு பகுதி வீட்டை விட்டே வெளியேறுகிறது. அதைச் சமைப்பதும் பெண்கள்தான், கூலி அதிகமில்லை. ஆனால் அது கூலி. வேலைக்கு ஒரு விலை இருக்கிறது, கூட்டிக் கேட்க ஓர் இடம் இருக்கிறது.

எங்கள் வீட்டில் கடைசியில் ஜன்னலை மறைத்த அலமாரியைக் கழற்றினோம். கழற்றுவதற்கும் காசு கேட்டார்கள். சீர்ப் பாத்திரங்கள் கட்டிலுக்கு அடியில் போயின. 'யு'வின் ஒரு கையை வெட்டி, அந்தச் சுவரோரம் 22 அங்குல உயரத்தில் தனியாக ஒரு கல் போடச் சொன்னேன். மேஸ்திரி இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டார், குழந்தைகளுக்கா என்றார். அத்தை அங்கேதான் களி கிண்டுகிறார். ஜன்னலுக்கு வெளியே மலையெல்லாம் இல்லை, பக்கத்து வீட்டுச் சுவரும் அதன் மேல் ஒரு துண்டு வானமும்தான். பத்து மணிக்கு மேல் வெயில் கல்மேல் விழும்.

நடுவில் இடம் வந்துவிட்டதால் கணவருக்கு உள்ளே வராமலிருக்கக் காரணம் இல்லாமல் போயிற்று. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் முறை. போன வாரம் களி கிண்டிவிட்டு, இந்த மேடை ரொம்பக் கீழே இருக்கிறது, முதுகு வலிக்கிறது, உயர்த்திக் கட்டினால் என்ன என்று ஆரம்பித்தார். அத்தை தலையைத் திருப்பாமல் ஜன்னலோரத்து ஸ்டூலைக் காலால் அவர் பக்கம் தள்ளிவிட்டு, "உக்காந்து கிண்டுடா" என்றார்.